மேல் நான்கு வரிசைகள்

ஏப்ரல். அதிகாலை இரண்டு மணி.
பூஜ்யத்துக்குக் கீழே மூன்று கோடு
வெப்பமானி இறங்கியதும்
லாட்ஷ் ஊரின் தீயணைப்புச் சங்கு அலறுகிறது.
எரிவது எதுவுமில்லை.
ஆப்பிள் பூத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பம்ப்பை முடுக்கி வால்வைத் திறக்கிறேன்.
இருட்டில் தெளிப்பான்கள் சுழலத் தொடங்குகின்றன.
குளிரில் நடுங்குகிறவள் தலையில்
குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுவது
என்ன வைத்தியம் என்று கேட்டாள் ஒர்னெல்லா,
மிலானில் வளர்ந்த என் மருமகள்.

உறைகிற நீர்
உறையும் அந்தக் கணத்தில்
தன்னிடம் மிச்சமிருந்த சூட்டைப்
பூவின் கையில் வைத்துவிட்டுத்தான்
கல்லாகிறது, பெண்ணே.
அடுத்த துளி வரும்வரை அது போதும்.
அடுத்த துளி வந்தே ஆகவேண்டும்.
வெயில் ஏறி
கடைசிக் கண்ணாடிச் சில்லு கழன்று விழும்வரை
நிறுத்தக் கூடாது.
பாதியில் கைவிட்டால்
பனி செய்வதை நாமே செய்துவிடுவோம்.

இதெல்லாம் தோட்டக்காரியாக எனக்குத் தெரியும், ஆண்டவரே.
உமது மகளாகத் தெரிந்ததா என்று கேட்காதேயும்.
செவெரின் இறந்த குளிர்காலம்
என்மேல் அடுக்கடுக்காய் இறுகியபோது
கொல்லத்தான் வந்தீர் என்றிருந்தேன்.
உள்ளே ஏதோ உயிரோடு கிடந்ததை
ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தேன்.
நன்றி சொன்னேனா? நினைவில்லை.

போன ஞாயிறு வாசகத்தில் அந்த அத்திமரம் வந்தது.
மூன்று வருடம் கனி தேடி வந்தவர்,
இன்னும் ஒரு வருடம் கேட்டு
எரு சுமந்த வேலையாள்.
நான் விரல்விட்டு எண்ணினேன்:
தவறாத திருப்பலி,
மாதாவுக்கு மெழுகுத்திரி,
ஆலயக் கூரைக்கு இருநூறு யூரோ.
இலைகள்.
இலையை எடைபோட்டு
எந்தக் கூட்டுறவுச் சங்கமும் பணம் தருவதில்லை.

இன்று
வேலிக்கு அப்பால் நீர்ச்சத்தம் இல்லை.
விகிலின் தோட்டம் இருண்டு கிடக்கிறது.
ஒரு கைவிளக்கு மட்டும் குனிந்து குனிந்து எழுகிறது,
இரும்பில் ஸ்பேனர் மோதும் ஒலி.

எல்லைக்கல்லை ஒரு முழம் நகர்த்தினான் என்று
பதினொரு வருடமாய் எங்களுக்குள் வழக்கு.
'நல்லது' என்றுதான் முதலில் நினைத்தேன்.
அதையும் எழுதிவைக்கிறேன்.
நின்றேன்.
என் தொப்பியின் விளிம்பில்
நீர் ஊசியாய் உறையும் அளவு நேரம்.
பக்கத்துக் கிளையில்
ஒரு மொட்டு தன் கண்ணாடிக்குள்
ரோஜா நிறத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.
யாருடைய சூட்டில்?

நீளக் குழாயைத் தோளில் போட்டு
வேலியைத் தாண்டினேன். முழங்காலில் கிழிந்தது.

"உனக்கு அழுத்தம் குறையுமே," என்றான் விகில்.
பதினொரு வருடத்தில் முதல் வார்த்தை.
"தெரியும்."
"மேல் வரிசைகளுக்குத் தண்ணீர் ஏறாது, நோட்பர்கா."
"தெரியும். மறுமுனையைப் பிடி."

விடிந்தபோது
பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணாடி மரங்கள்.
எது அவனுடையது, எது என்னுடையது என்று
வெயிலுக்கும் தெரியவில்லை.
மதியம் மேலே ஏறிப்போய்ப் பூக்களைப் பிளந்து பார்த்தேன்.
நான்கு வரிசை.
ஒவ்வொன்றின் நடுவிலும்
கடுகளவு கறுப்பு.

ஞானம் எதுவும் வரவில்லை அப்போது.
அழுகைதான் வந்தது, கடன் நினைவும்.

எல்லைக்கல் அதே இடத்தில் இருக்கிறது.
வழக்கு அக்டோபருக்குத் தள்ளிப்போயிருக்கிறது.
விகில் வேலியை மட்டும் இன்னும் தைக்கவில்லை,
நானும் நினைவூட்டவில்லை.

செப்டம்பரில் சங்கத்தின் படிவம் வந்தது.
முதல் தரம், இரண்டாம் தரம், சாறுக்கு
என்று மூன்று கட்டங்கள்.
கீழ் வரிசைகளின் எடையை நிரப்பினேன்.
மேல் நான்கு வரிசைகளுக்கு நேரே
ஒன்றுமில்லை என்று எழுதப் போனேன்.

பேனா கொஞ்ச நேரம்
தாளின்மேல் நின்றது.